எலாஸ்டின் இல்லாத இடம்

"போதும்மா, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று கணவன், பயிற்சிக்காகத் தூக்கிப் பிடித்திருந்த அவள் கையை மெல்ல இறக்கிவிட்டான். அவள் வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. முகத்தைச் சுளித்ததற்கே லாரி ஓட்டுகிற அந்த மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் அழகு நிலையத்தில் முடி வெட்டுகிறவள். அடுப்பிலிருந்து இறக்கிய எண்ணெய்ச் சட்டி கைதவறி, வலது அக்குளும் விலாவும் வெந்துபோயின. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். புண் ஆறிவிட்டது. ஆனால் ஆறிய இடம் இறுகி இறுகி, கையை உடம்போடு சேர்த்துத் தைத்தாற்போலப் பிடித்துக்கொண்டது. கை தோளுக்கு மேலே எழும்பாமல் யார் தலையில் கத்தரி வைப்பது?

பிசியோதெரபிக்காரப் பெண் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள்.

"தோலுக்குள்ள எலாஸ்டின்னு ஒரு புரதம் இருக்கு. தோல் இழுத்தா நீண்டு, விட்டா பழையபடி வர்றதே அதனாலதான். தழும்புல அது சரியா உருவாகாது. நாமதான் இழுத்துக் குடுக்கணும். தழும்பு இளசா இருக்கிற இந்தச் சில மாசத்தை விட்டா மறுபடி ஆபரேஷன்தான். போன வாரத்தைவிடக் கை இறங்கியிருக்கே, வீட்ல யாரு செய்யறாங்க?"

"நான்தாங்க" என்றான் கணவன்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு அதே யோசனை. அவன் பாசக்காரன்தான். அந்தப் பாசமே கையைக் கட்டிப்போடுகிறதே! தான் கதறினாலும் மனசு இளகாத ஆள் வேண்டும். அப்படி ஒருத்தி மாடியிலேயே இருந்தாள், நாத்தனார். ரொம்ப நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. இவளிடம் தலைக்குச் சாயம் போட்டுக்கொள்ள வந்த நாத்தனாரின் முடி செம்பட்டையாகிவிட, இவள் அடக்கமாட்டாமல் சிரித்துத் தொலைத்துவிட்டாள். அன்றோடு சரி.

கதவைத் திறந்த நாத்தனார் நிலைப்படியை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, எம்மேல இருக்கிற கோவத்தையெல்லாம் இந்தக் கையில காட்டணும். நான் அழுதாலும் விடக்கூடாது."

"நான் எதுக்குடி விடப்போறேன்?"

மறுநாளே நாத்தனார் பிசியோதெரபிக்காரப் பெண்ணிடம் போய்க் கற்றுக்கொண்டு வந்தாள். வெடுக்கென்று இழுக்கக் கூடாது, மெதுவாக உயர்த்தி அப்படியே நிறுத்த வேண்டும். நாத்தனார் நிறுத்தினாள், சுவர் மாதிரி. இவள் கத்தினாள், வாய்க்கு வந்தபடி திட்டினாள். கணவன் காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினான்.

"நல்லாத் திட்டு. ஆனா உடம்பைச் சாய்ச்சு ஏமாத்தாதே."

ஒரு நாள் தழும்பில் கிரீம் தேய்த்துவிட்டு நாத்தனார் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்ன அண்ணி?"

"கண்ணுல கிரீம் பட்டுடுச்சு. நீ கையைத் தூக்கு."

அந்த மாதக் கடைசியில் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார்கள். நல்ல கூட்டம். நாத்தனார் இடம் கேட்டுச் சண்டைக்குத் தயாரானாள்.

"வேணாம் அண்ணி" என்று அவள் வலது கையை மேலே கம்பிக்கு நீட்டினாள். விரல் நுனி பட்டு வழுக்கியது. நுனிக்காலை ஊன்றி எழும்பினாள். விலாவோரம் சுரீரென்று இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்துவிட்டாள்.

பஸ் வளைவில் திரும்பியது. பிடிக்க ஒன்றும் கிடைக்காத நாத்தனார் தடுமாறி, அவள் இடுப்பை இறுகக் கட்டிக்கொண்டாள்.

"விட்டுடாதேடி!"

இரண்டு பேர் பாரமும் அந்தக் கையில் தொங்க, பஸ் அடுத்த வளைவுக்குச் சாய்ந்தது.