பால் டின் தகரம்

பைக்கின் சீட் கவரைக் கிழித்ததும் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். கவருக்குள் இன்னொரு கவர், அதற்குள் இன்னொன்று. மூன்றுக்கும் அடியில் ஸ்பாஞ்சு கறுத்து, நைந்து, பிசுபிசுவென்று கிடந்தது. நடுவில் ஒரு எலி குடும்பமே நடத்திவிட்டுப் போயிருந்தது.

"இது மேலயா உக்காந்து வந்தே?"

"ரெண்டு நாளா, அக்கா."

"பேன்ட்ட எரிச்சிடு தம்பி. துவைக்காதே, எரிச்சிடு."

அக்கா சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். இந்த ஊரில் நம் மொழியில் திட்டக்கூடிய ஒரே மெக்கானிக். அதற்காகவே சிலர் ஒன்றுமில்லாத வண்டியையும் அவரிடம் கொண்டுபோவார்கள்.

வண்டியை நான் சீப்பிடம் வாங்கினேன். எங்கள் அறையில் ஆறு பேர். அவன் ஜன்னலோரக் கட்டில். சட்டைப் பையில் எப்போதும் சீப்பு இருக்கும், அதனாலேயே அந்தப் பெயர். தெருவில் நிற்கிற வண்டிக் கண்ணாடியெல்லாம் அவன் தலை வாருவதற்காகவே இருக்கும். புது வண்டி எடுத்ததும் பழையதை என் தலையில் கட்டினான்.

"மாப்ளே, இது வண்டி இல்லடா, என் தங்கச்சி. உன்னை நம்பிக் குடுக்கறேன். கண் கலங்காமப் பாத்துக்கோ."

எனக்கு வேறு வழியும் இல்லை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் துவைக்கும் லாண்டரியில் வேலை. காலை ஆறு மணிக்கு ரிஜிஸ்டரில் கையெழுத்து விழவேண்டும். முதல் பஸ் இறக்கிவிடும்போதே ஆறே கால். தாமதத்துக்கு இரண்டு முறை விளக்கம் எழுதிக் கொடுத்தாயிற்று. மூன்றாவது முறை காகிதம் கிடையாது, கணக்கை முடித்துக்கொண்டு போகலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நாளை திங்கட்கிழமை.

அக்கா ஒவ்வொன்றாகப் பிரித்தார். டேங்கில் சீறுகிற நெருப்பு ஸ்டிக்கர். உரித்தால் அடியில் துரு. துருவில் ஒரு ஓட்டை, அதை அடைத்திருந்தது சோப்பும் மென்று துப்பிய சூயிங்கமும். பல் பதிந்த தடம் அப்படியே இருந்தது. சத்தம் வரவேண்டும் என்று சைலன்சரின் உள்குழாயை அறுத்திருந்தான். வீட்டுக்காரர் கத்தியதும் அதற்குள் பழைய சாக்ஸைத் திணித்திருக்கிறான். பாதி கருகிய அதை அக்கா குறட்டால் இழுத்துப் போட்டார். ஆறு பேர் அறையில் அது யாருடையது என்று நினைக்கவே கூசியது.

"மாடிஃபை பண்ணியிருக்காராமா தொரை," என்றார் அக்கா. "ஒண்ணைக்கூட ரிப்பேர் பண்ணல. எல்லாத்தையும் மூடியே வெச்சிருக்கான். ச்சீ!"

நானும் சேர்ந்து திட்டினேன். திட்டத் திட்ட நன்றாக இருந்தது.

பிறகு பின் சக்கரத்தைக் கழற்றினார். டிரம்முக்குள் பிரேக் ஷூ இரண்டும் தேய்ந்து வெறும் இரும்பாகப் போகிற நிலை. ஷூவைத் தள்ளுகிற இரும்புக்கும் ஷூவுக்கும் நடுவில் நகம் அளவு இரண்டு தகரத் துண்டுகள். ஷூ தேய்ந்த அளவுக்கு முட்டுக்கொடுத்தால் பிரேக் மறுபடி பிடிக்கும். ஒரு நாள் தகரம் வழுக்கினால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

"இதை வெட்டினவன் கையில கெடச்சா, அந்தக் கையை டிரம்முக்குள்ள விட்டு வண்டிய ஓட்டுவேன்."

ஒன்றை எடுத்துத் திருப்பினேன். துண்டின் பின்புறம் நீல நிறம், பால் டின்னின் நீலம். முனைகள் மழுங்க உரசியிருந்தன. நழுவாமல் கவ்வுவதற்கு இரண்டு பக்கமும் காது மடித்திருந்தது. அந்த மடிப்பு எனக்குத் தெரியும்.

போன வருஷம் அறைக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒருவரும் என்னைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை, "ஏய், புதுசு." சீப்பு காலி டின்னோடு வந்து, "மாப்ளே, உன் கை சுத்தம் யாருக்கு வரும்? ரெண்டு துண்டு வெட்டிக் குடேன், பிரேக்குக்கு" என்றான். முதல் மாப்ளே. வாசற்படி சிமென்டில் முனைகளை உரசி உரசிக் கொடுத்தேன். காது மடித்தது என் சொந்த யோசனை. எதற்கு என்று தெரியும். அவன் வண்டிதானே, அவன் எலும்புதானே என்று நினைத்தேன். வண்டியை வாங்கும்போது இது எனக்கு ஞாபகம் வரவே இல்லை.

"புது ஷூ?" என்றேன்.

"இன்னிக்குக் கடை லீவு. நாளைக்குச் சொன்னாலும் செவ்வாக்கிழமைதான் வரும்."

"நாளைக்கு வேலைக்குப் போயே ஆகணும், அக்கா. இதையே போட்டுக் குடுத்துடுங்க."

"இந்தக் கையால போடமாட்டேன். வேணும்னா நீயே போட்டுக்கோ. செத்தா என் பேரைச் சொல்லாதே."

உட்கார்ந்தேன். தகரத்தை எடுத்தேன். காதைச் சற்று நெருக்கி, ஷூவின் அடியில் செருகி, கட்டைவிரலால் ஒரு அழுத்து. டக். இரண்டாவதும் டக். ஒரு தடவைகூடத் தவறவில்லை.

நிமிர்ந்தபோது அக்கா என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீதானா அது?"

அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை. குழாயடிக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். பிறகு டேங்க் ஓட்டையை மட்டும் ஒழுங்காக அடைத்துக்கொடுத்து, "செவ்வாக்கிழமை வா. வரலேன்னா இந்தப் பக்கமே வராதே" என்றார்.

திங்கட்கிழமை சைக்கிள்காரன்கூட என்னைத் தாண்டிப் போனான். ஒவ்வொரு பிரேக்குக்கும் இரண்டு காலையும் தரையில் ஊன்றினேன். ஐந்து ஐம்பதுக்கு ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்து, "பொழைச்சிக்கிட்டே" என்றார்.

சாயந்திரம் இஸ்திரி மெஷினில் நிற்கிற பெண் வாசலில் பிடித்துக்கொண்டாள். ஐந்து மாதக் கர்ப்பம், கால் இரண்டும் வீங்கியிருந்தது.

"அண்ணா, உங்க வழிதானே? பஸ்ஸுல நிக்க முடியல. பின்னாடி ஏத்திக்கங்க."

ஒரு வருஷமாக இங்கே யாரும் என்னிடம் எதையும் இப்படி உரிமையாகக் கேட்டதில்லை. பிரேக்கில் தகரம் இருக்கிறது, அதை வெட்டியதும் நான்தான் என்று சொல்ல வாய் எடுத்தேன்.

"சீட்டு நாறும்மா."

"எல்லா ஆம்பளை வண்டியும் நாறத்தான் செய்யும்," என்று குனிந்தாள். நான் கிழிந்த கவரைத் தூக்கிக் காட்டினேன். ஒரு நொடிதான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள்.

"ச்சீ! மனுஷன் உக்கார்ற எடமா இது? உங்களுக்கு வெக்கமா இல்ல?"

"இருக்கு," என்றேன்.

அவள் பஸ் நிறுத்தத்துக்குப் போய் நின்றாள். பஸ் வந்து, யாரோ எழுந்து அவளுக்கு இடம் கொடுக்கிறவரை காத்திருந்துவிட்டு வண்டியை எடுத்தேன்.