பாலம் தாண்டும் சத்தம்

சைலன்சர் மறுபடியும் நழுவி ஹேசலின் முழங்காலில் விழுந்தது. கறுப்புப் பாவாடையில் எண்ணெய்க் கறை. வாய்க்கு வந்தபடி திட்டினாள். திட்டெல்லாம் அப்பா கிளைவுக்குத்தான். மனிதர் போன வாரம் செத்துப்போய், இன்று காலை தகனத்துக்குப் போகக் காத்திருக்கிறார்.

"மோட்டார் சைக்கிளோடதைக் காருக்கு மாட்டுனா எப்படிடி நிக்கும்?" என்றார் டெனிஸ் சித்தப்பா, கராஜ் வாசலில் டீயை உறிஞ்சியபடி.

"இதை உங்க அண்ணன்கிட்ட கேட்டிருக்கணும் சித்தப்பா."

உதிரி பாகங்களைப் பெட்டி பெட்டியாக வரவழைத்து அப்பா தன் கையால் பூட்டிய கார் அது. தரையோடு தரையாகக் கிடக்கும். கார் சைலன்சர் மாட்டினால் ஒவ்வொரு வேகத்தடையிலும் இடிக்கும் என்று, மோட்டார் சைக்கிள் சைலன்சரைப் பழைய சாமான் சந்தையில் பிடித்து வந்தார். சத்தத்தை அடக்கும் உள்குழலை அன்றைக்கே கழற்றி எறிந்தார். அன்று தொடங்கிய சண்டையை அம்மா பெரில் இன்னும் விடவில்லை. அந்தச் சைலன்சர் வெடித்துப்போய் மூலையில் கிடந்தது. இது அவர் வாங்கிவைத்து, மாட்டாமல் போன இன்னொன்று. உள்குழல் பத்திரமாக உள்ளேயே இருந்தது.

"என் பின்னால அந்தக் கார்தான் வரணும்" என்று ஆஸ்பத்திரியில் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார். "அந்த இரைச்சல் வந்தா நான் வரமாட்டேன். எது வேணும்னு நீயே முடிவு பண்ணிக்கோ" என்று நேற்று சொல்லிவிட்டாள் அம்மா. இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழிப்பது ஹேசலுக்குப் புதிதில்லை. ஒருவர் செத்த பிறகும் அது ஓயவில்லையே என்றுதான் எரிச்சலாக வந்தது.

எஞ்சினிலிருந்து வரும் குழாய் ஒல்லி, சைலன்சரின் வாய் அகலம். பீன்ஸ் டின்னை வெட்டி, தகட்டைக் குழாயில் சுற்றி, கிளாம்பை இறுக்கினாள். நின்றது. ஆனால் அப்பாவைப் போல காரின் உடம்போடு நேராக முடுக்கினால் அதிர்வில் இதுவும் வெடிக்கும். நடுவில் ரப்பர் வேண்டும். சுற்றிப் பார்த்தாள். கதவோரம் இருந்த ரப்பர் பூட்ஸில் ஒன்றை எடுத்துக் கத்தியை வைத்தாள்.

"ஏய், அது அண்ணனோட பூட்ஸ்டி!"

"இனிமே அவருக்கு எதுக்கு?"

சித்தப்பா கோப்பைக்குள் பார்த்தார். ஹேசல் வெட்டிய ரப்பரை நடுவில் வைத்து முடுக்கினாள்.

சவ வண்டி வாசலில் வந்து நின்றது. வழக்கப்படி தெருக்கோடி வரை அதன் முன்னால் நடக்க வேண்டியவர் உயரத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். ஹேசல் காரை ஓரமாகக் கொண்டுவந்து பின்னால் நிறுத்தினாள். சத்தம் பூனை உறுமுவதுபோலக்கூட இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

அம்மா கறுப்புக் கோட்டில் வெளியே வந்தாள்.

"இன்னும் கிளப்பலையா?"

"ஓடிக்கிட்டுதாம்மா இருக்கு."

அம்மா நம்பாமல் பானட்டின்மேல் கையை வைத்தாள். பானட் அதிர்ந்தது. கையை எடுக்கவே இல்லை.

"பாலம் தாண்டுறப்பவே எனக்குக் கேட்டுடும். கெட்டிலைப் போட்டுடுவேன். அவர் உள்ள வர்றதுக்கும் தண்ணி கொதிக்கிறதுக்கும் சரியா இருக்கும்." பிறகு, "அந்த உள்குழலைக் கழட்டு" என்றாள்.

"என்னம்மா? காலையிலேர்ந்து இதோட மல்லுக்கட்டி..."

"கழட்டுடின்னா!"

"அண்ணி, நேரமாச்சு..." என்றார் சித்தப்பா.

"இவ்வளவு நாள் அவரு எனக்காகக் காத்துக்கிட்டு இருந்தாரா? இன்னைக்கு இருக்கட்டும்."

ஹேசல் எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்பேனரோடு தெருவில் மண்டியிட்டாள். ஒரே ஒரு போல்ட். உள்குழல் லேசாக உருவி வந்ததைப் பார்த்ததும் அழுகை முட்டியது. காலையிலிருந்து பட்ட பாட்டுக்குத்தான் என்று சொல்லிக்கொண்டாள்.

அம்மா பக்கத்தில் ஏறிக்கொண்டாள். மறுபடி கிளப்பியதும் எதிர்வீட்டு நாய் குரைத்தது. தொப்பிக்காரர் திரும்பாமல் நடந்தார். தெருக்கோடியில் அவர் வண்டியேறியதும் வேகம் கூடியது. பாலம் வந்தபோது ஹேசல் பழக்கதோஷத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாள்.

"இங்க அவர் காலைத் தூக்கினதே இல்ல" என்றாள் அம்மா.

ஹேசல் மிதித்தாள். சத்தம் பாலத்துச் சுவர்களில் முட்டித் திரும்பியது. அம்மா மடியில் கைப்பையை இரு கையாலும் பிடித்தபடி, முன்னால் போகும் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.