பீப்பாய்த் தண்ணீர்

ஊர்ச் சாக்கடைகளை மேற்பார்வை பார்த்தே ஓய்வு பெற்றவன் நான். ஒரு எலி செத்து எத்தனை நாளாயிற்று என்று தெருமுனையில் நின்றே சொல்லிவிடுவேன். நம்புகிற ஆள் கிடைத்தால் அந்த எலியின் குணத்தையும் சொல்வேன். அப்படிப்பட்ட மூக்கையே குப்புறத் தள்ளியது என் மச்சினனின் நகைப் பட்டறைக்குப் பின்னால் நிற்கும் பீப்பாய்.

நகை வேலை செய்கிறவர்கள் கண்ட இடத்தில் கை கழுவ மாட்டார்கள். அரம் போடும்போது உதிர்கிற தங்கப்பொடி நகக்கண்ணெல்லாம் ஒட்டியிருக்கும். அதனால் எல்லாரும் அந்தப் பீப்பாயில்தான் கழுவுவார்கள். வருஷக் கடைசியில் அடிச்சேற்றை எரித்து உருக்கினால் தங்கம் வரும். அது வேலையாட்களின் பங்கு, முறை வைத்து ஆளுக்கு ஒரு வருஷம். முதலாளி தொடக்கூடாது. ஒரு வருஷத்து வியர்வை, சோப்பு, மெருகுப் பசை எல்லாம் ஊறிய அந்தத் தண்ணீரின் மூடியைத் திறந்தால், மேலே பறக்கிற காக்கை பாதை மாறிப் போகும்.

இந்த வருஷம் மெருகு போடுகிற அக்காவின் முறை. அக்காவுக்குப் பல்லெல்லாம் கொட்டிப் போய், எதையும் ஊறவைத்து விழுங்கிக்கொண்டிருந்தார். வருகிற தங்கத்தை விற்றுப் பல்செட்டு வாங்குவதாக ஏற்பாடு.

மச்சினனின் மகள் நகை வடிவமைப்புப் படித்தவள். கைவேலை அழியக்கூடாது, உழைத்தவருக்குச் சேர வேண்டியது முழுசாகச் சேர வேண்டும் என்று சொல்லி, அப்பாவின் பட்டறையை அப்போதுதான் தானே எடுத்து நடத்த ஆரம்பித்திருந்தாள். தங்கமான பெண். ஆனால் சுத்தப் பைத்தியம். சோப்பையே கழுவித்தான் தொடுவாள். வீட்டில் அவளுக்குப் பினாயில் என்று பெயர்.

பெரிய நகைக்கடை நடத்தும் அம்மா ஒருவர் பட்டறையைப் பார்க்க வருவதாக இருந்தது. அந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் பட்டறைக்குப் பூட்டுதான். மச்சினன் வெளியூர் போயிருந்தான். ஆட்களுக்கு விடுமுறை. ஹாஸ்டலிலேயே வளர்ந்ததால் பீப்பாய்க் கதை அறியாத பினாயில், அந்த அம்மா வருவதற்கு முந்தின நாள் தனியாக வந்து தரையைத் தேய்த்தாள், சுவரைத் துடைத்தாள், பீப்பாயையும் சாக்கடையில் கவிழ்த்துக் கழுவினாள்.

மறுநாள் காலையில் கை கழுவப் போன அக்கா அப்படியே நின்றுவிட்டார். பளபளவென்று கவிழ்ந்து கிடந்த பீப்பாயின் மேல் ஒரு பூச்சாடி இருந்தது.

விஷயம் தெரிந்து பினாயிலின் முகம் வெளுத்துவிட்டது. அக்கா கத்தவில்லை.

"விடும்மா. பல்லு இல்லாமலே பழகிருச்சு" என்றார்.

அந்த வார்த்தை போதும். பினாயில் என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"மாமா, நம்ம சாக்கடைத் தண்ணி எங்க போய் நிக்கும்?"

ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் யாரும் இவ்வளவு அழகான கேள்வி கேட்டதில்லை. காபியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன். தங்கம் கனம், தூரம் போகாது. தெரு திரும்புகிற இடத்தில் கல்பலகைக்கு அடியில் இருக்கும் வண்டல் குழியில்தான் தங்கும். பின்னாலேயே அக்காவும் வந்துவிட, பலகையைப் புரட்டினோம். உள்ளே முடிக்கற்றை, எண்ணெய்ப் படலம், ஒற்றைச் செருப்பு, அப்புறம் பெயர் சொல்ல முடியாத ஒன்று. அது எங்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டது என்று எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

ஆள் வைக்கலாம் என்றேன். தான் கொட்டியதைத் தானே அள்ளுவதாகச் சொல்லிப் பினாயில் இறங்கினாள். முழங்கால் வரை கறுப்பு. கரையேறி வாந்தி எடுத்தாள், வாயைத் துடைத்துக்கொண்டாள், மறுபடி இறங்கினாள்.

அந்த நேரம் பார்த்துக் கடைக்கார அம்மாவின் கார் வந்து நின்றது. கதவு திறந்ததும் ஒரு சென்ட்டுத் தோட்டமே இறங்கியது. நடந்ததைப் பினாயில் குழியில் நின்றபடியே ஒளிக்காமல் சொன்னாள். அந்த அம்மாவுக்குக் கண்ணெல்லாம் வெளிச்சம். உடனே படம் பிடிக்கப் போனை எடுத்தார்.

"இதப் படம் புடிச்சு விளம்பரத்துல போட்டா நகை நல்லா விக்கும். ஆனா நீங்க மேல வந்துடுங்க, உங்களப் பாத்தா படிச்ச பொண்ணுன்னு தெரியுது. அந்தம்மாவ இறக்குங்க. மூஞ்சில கொஞ்சம் சேறு பூசிக்கட்டும். ஆர்டர இப்பவே போட்டுடறேன்."

அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழியை நோக்கி நடந்தார். பட்டறை நடக்க வேண்டுமே. எத்தனையோ சாக்கடையை முகர்ந்தவன் நான். அன்றைக்குத்தான் முதல்முறையாக மூக்கைப் பொத்தினேன்.

"அக்கா, அங்கயே நில்லுங்க" என்றாள் பினாயில். பிறகு அந்த அம்மாவைப் பார்த்தாள். "படம் வேணும்னா நீங்க இறங்குங்க மேடம். ஆழம் அதிகமில்ல."

சொல்லிக்கொண்டே ஒரு வாளி சேற்றைத் தூக்கி அந்த அம்மாவின் செருப்புக்குப் பக்கத்தில் தொப்பென்று வைத்தாள். கார் போன வேகத்தில் தெருநாய்களுக்கே மூச்சு வாங்கியது. ஆர்டரும் அதிலேயே ஏறிப் போய்விட்டது.

ஊர் திரும்பிய மச்சினன் தலையில் அடித்துக்கொண்டான். பட்டறையில் இப்போது பாதி விளக்குதான் எரிகிறது. பினாயில் நகைப் பெட்டியோடு சின்னச் சின்னக் கடைகளாக ஏறி இறங்குகிறாள். சேற்றை உருக்கியதில் வந்த தங்கம் அக்காவின் மேல்வரிசைப் பல்லுக்குத்தான் ஆயிற்று. கீழ்வரிசை எப்போது என்று பினாயிலைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டுச் சிரிக்கிறார், மேல்வரிசை முழுவதும் தெரிய.

பீப்பாய் பழைய இடத்துக்கே வந்துவிட்டது, நாற்றமும்தான். என்மேல் ஒட்டிய சாக்கடை ஒரு குளியலில் போய்விட்டது. ஆனால் அந்த அம்மாவின் சென்ட் மட்டும் மூக்கை விட்டுப் போகவில்லை. சாப்பாடு இறங்கவில்லை என்று பினாயிலிடம் புலம்பினேன். அவள் பீப்பாயில் கை கழுவிக்கொண்டிருந்தாள், முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு.

"கிட்ட வந்து ஒரு இழுப்பு இழுங்க மாமா. சரியாப் போயிடும்."

இழுத்தேன். சரியாகிவிட்டது.