மூன்றாவது விண்ணப்பம்

செல்வாம்பாள் புதுச்சேரி மருத்துவமனையில் நர்ஸ். வயது இருபத்தெட்டு. பள்ளிக்கூடத்தில் படித்ததும் பிரெஞ்சு, நோயாளிகளின் சீட்டில் எழுதிப் பழகியதும் பிரெஞ்சு. பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு வந்த டாக்டர்களோ ஆங்கிலத்தில் பேசினார்கள். சென்னையில் பிரசவ மருத்துவத்துக்கு ஒரு வருட மேற்படிப்பு இருந்தது. அதில் சேர ஆங்கிலத் தேர்வு எழுதி, நேர்முகத்திலும் ஆங்கிலத்தில் பேசியாக வேண்டும்.

1957இல் இரண்டு முறை விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தாள். இரண்டு முறையும் அனுப்பவில்லை. பழைய கேள்வித்தாள்களைக் கடிகாரம் பார்த்து எழுதுவாள். கடலூரில் ஆங்கிலம் படித்துவிட்டு வந்த சக நர்ஸ் ஜெயம் திருத்தித் தருவாள். எழுபத்தொன்று, எழுபத்துநாலு, எழுபத்தாறு என்று மதிப்பெண் ஏறியது. எண்பது வந்தால்தான் அனுப்புவது என்று செல்வாம்பாள் பிடிவாதமாக இருந்தாள்.

“பாஸ் மார்க் அம்பதுதான்டி,” என்றாள் ஜெயம்.

“எழுதிடுவேன். எதிர்ல உக்காந்து கேள்வி கேட்டாதான் வாய் ஒட்டிக்குது. பிரெஞ்சுல யோசிச்சு, தமிழுக்கு வந்து, அப்புறம்தான் இங்கிலீஷுக்குப் போறேன். அதுக்குள்ள கேட்டவங்க காபி குடிச்சிட்டே வந்துடலாம்.”

அடுத்த ஆண்டு மூன்றாவது விண்ணப்பம் வந்தது. கடைசி நாள் சனிக்கிழமை. புதன்கிழமை காலை, சென்னையிலிருந்து அக்கா அனுப்பிய தையல் மெஷினை வாங்க லாரி பார்சல் ஆபீசுக்குப் போனாள். கணவன் அரிகிருஷ்ணனும் கூட வந்தான். பம்பாயிலிருந்து புதிதாக வந்திருந்த மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. சரக்கு நல்ல நிலையில் கிடைத்தது என்று கையெழுத்துப் போடச் சொன்னார். மெஷினின் கைப்பிடி முறிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

செல்வாம்பாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “முறிந்திருக்கிறது என்று நீங்கள் எழுதுங்கள். பிறகு கையெழுத்துப் போடுகிறேன்,” என்றாள் ஆங்கிலத்தில்.

“ஏற்றும்போதே அப்படித்தான் இருந்திருக்கும்.”

“அப்படியானால் உங்கள் ரசீதில் ஏன் அது இல்லை?”

“சின்ன முறிவுதானே, அம்மா.”

“சரி, சின்ன முறிவு என்றே எழுதுங்கள்!”

கால் மணி நேரம் விடவில்லை. கடைசியில் மேனேஜர் பேனாவை எடுத்து எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அரிகிருஷ்ணன் சிரித்தான். “இந்தப் போடு போட்டியே, என்னா சொன்ன?”

“உங்களுக்குப் புரியலையா?”

“எனக்கு எங்க புரிஞ்சுது? அந்தாளுக்கு நல்லாப் புரிஞ்சுது.”

செல்வாம்பாள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். “ஏங்க, நாலஞ்சு தப்பு வந்துச்சு. ஆனா ஒரு எடத்துலகூட நான் பிரெஞ்சுல யோசிக்கலையே!”

வீட்டுக்குப் போனதும் வேறு எதையும் தொடவில்லை. விண்ணப்பத்தில் தேதியைப் போட்டு, அன்று மதியமே தபாலில் சேர்த்தாள். ஜெயத்திடம் மறுநாள்தான் சொன்னாள்.

தேர்வன்று கட்டுரை சுமாராகத்தான் வந்தது. நேர்முகத்தில் முதல் கேள்விக்கே ‘எஸ்’ என்பதற்குப் பதில் பிரெஞ்சில் ‘உய்’ என்று சொல்லிவிட்டாள். எதிரே இருந்த டாக்டரம்மா சிரித்தார். இவளும் சிரித்துவிட்டாள். அதன் பிறகு பேச்சு தங்குதடையில்லாமல் போயிற்று. புதுச்சேரியின் உப்பளம் பகுதியில் தான் பார்த்த ஒரு இரட்டைப் பிரசவத்தை அவள் விவரிக்க, டாக்டரம்மா நேரம் போவது தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அறுபத்துமூன்று மதிப்பெண். இடம் கிடைத்தது.

ஜூலையில் செல்வாம்பாள் சென்னைக்கு ரயிலேறினாள். அரிகிருஷ்ணன் சமைக்கக் கற்றுக்கொண்டான். முதல் மாதம் முழுக்க ரசம்தான் வைத்தான் என்று ஜெயம் கடிதத்தில் எழுதியிருந்தாள்.