தலைவர் ஏற்றிய பாரம்

விளையாட்டு மன்றத் தலைவர் வீரய்யா பிறந்ததிலிருந்து சைக்கிள் மிதித்தவர் அல்லர். மாலை போட்டுக்கொள்வதில் மட்டும் அவரை மிஞ்ச ஆளில்லை. சைக்கிளில் பாரம் ஏற்றிப் பயிற்சி எடுக்கும் காணொளி ஒன்றைக் கைப்பேசியில் பார்த்த அன்றே, தமக்குத் தாமே பயிற்றுநர் பதவியையும் வழங்கிக்கொண்டார்.

"பாரத்தோட மலை ஏறிப் பழகு தனுஷிகா. எறக்குன அன்னிக்குப் பறப்ப," என்றார்.

தனுஷிகாவுக்குப் பறந்தே ஆகவேண்டியிருந்தது. மாகாணச் சைக்கிள் அணிக்கான தெரிவுப் போட்டி நுவரெலியாவில். வயதெல்லைப்படி அவளுக்கு இதுவே கடைசி வாய்ப்பு. தவறினால் அம்மாவைப் போலக் கொழுந்து பறிக்கத் தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிய வேண்டியதுதான்.

பாரத்தையும் தலைவரே பெரிய மனதோடு ஏற்பாடு செய்தார். மண்சரிவில் பாதை பிளந்ததிலிருந்து தோட்டத்தின் உச்சிப் பிரிவான மேற்கணக்குக்கு லொறி ஏறுவதில்லை. மேற்கணக்கில்தான் அவருடைய கடை. மன்றத்துச் சைக்கிளின் பின்னால் ஒரு கேரியரைப் பூட்டி, பொகவந்தலாவை பஜாரில் கோதுமை மா, சீனி, பருப்பு எல்லாம் கட்டிவிடச் சொல்லியிருந்தார். விடிந்தும் விடியாத பனியில் அவள் மூச்சிரைக்க ஏறுவாள். கடைவாசலில் அவர் நேரம் பார்ப்பதில்லை. மூட்டையைத் தராசில் வைத்துப் பார்ப்பார்.

"வழியில எங்கயும் கொட்டிருச்சா?"

அம்மா பூரணிக்கு இது பொறுக்கவில்லை. தண்ணிக்கு, சாக்குக்கு என்று எடையில் கழிக்கக் கழிக்க ஆயுசு முழுக்க நிறுவையில் கொழுந்தைப் பறிகொடுத்தவள்.

"ஏண்டி, பாரம்னா கல்லக் கட்டுனா ஆகாதா? பருப்பாத்தான் இருக்கணுமா?"

"எனக்கும் தெரியும்மா. அவரு கையெழுத்துப் போட்டாத்தான் போட்டிக்கே போகலாம்."

போட்டிக்கு முந்தின வாரம் சைக்கிளின் பின்சக்கரச் சில்லு ஆடத் தொடங்கியது.

"தலைவரே, கம்பி ரெண்டு போயிருச்சுங்க. சில்லு கோணுது. பாரத்த நிப்பாட்டிரலாங்களா?"

"தீவாளி வாரமும் அதுவுமாவா? இதாம்மா உச்சக்கட்டப் பயிற்சி! நெருப்புல போட்டாத்தான் தங்கம்."

தங்கம் அந்த வாரம் முழுக்க முறுக்கு மாவும் எண்ணெய்ப் போத்தலும் சுமந்தது. கம்பி மாற்ற அவருக்கு நேரம் வாய்க்கவில்லை.

போட்டியன்று கேரியரைக் கழற்றினார்கள். தலைவர் சொன்னது பொய்யில்லை, தனுஷிகா பறந்தாள். முதல் ஏற்றத்திலேயே அத்தனை பேரும் பின்தங்கிப் பனிக்குள் மறைந்தார்கள். பாதை அவளுக்கே எழுதிக்கொடுத்ததுபோல் வெறிச்சோடிக் கிடந்தது. இரண்டாவது ஏற்றத்தில் எழுந்து நின்று ஓங்கி மிதித்தாள். பின்னால் கம்பிகள் படபடவென்று தெறித்தன. சில்லு அப்பளமாக மடிந்தது. சிராய்த்த முழங்கையோடு பாதையோரத்தில் உட்கார்ந்து, தன்னைத் தாண்டிப் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

முடிவுக்கோட்டில் வீரய்யா மாலையோடு நின்றார். அவளைக் கண்டதும் அதைப் பைக்குள் திணித்தார்.

"சாமான் சரியில்லம்மா. நம்ம பயிற்சியில ஒரு கொறையும் இல்ல. சில்ல மாத்திரலாம், திங்கக்கெழம வந்துரு."

"இனிமே எந்தப் போட்டிக்குங்க?"

தலைவர் மேகத்தைப் பார்த்தார். "மழ வருது, வாம்மா."

திங்கட்கிழமை அவள் போய்ப் பேர் பதிந்தாள். கொழுந்துச் சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் மலையேறினாள். புதிதாகப் பதிந்த மற்றப் பெண்கள் பாதி வழியில் இளைத்து நின்றார்கள். இவளுக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை.

வீரய்யாவின் பயிற்சி வீண்போகவில்லை.