கூடாரத்தின் மேல் குங்குமம்

எங்கள் பூசையறையில் சாமி படங்களோடு ஒரு வரைபடமும் மாட்டியிருக்கும். கடலோரக் கோட்டைப் பட்டணம் ஒன்றை எதிரிப் படை வளைத்து நிற்கும் காட்சி. செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்தது. அதில் ஒரு கூடாரத்தின் மேல் அமாவாசைதோறும் குங்குமம் வைப்போம். அப்பியிருக்கும் குங்குமத்தின் ஓரத்தில் எங்கள் மூதாதை வேங்கடப்பரின் பெயர் இங்கிலீஷில் தெரியும். முற்றுகையின்போது கோட்டைக்குள் நின்று போராடி, அங்கிருந்த அம்மனைக் காப்பாற்றிக் கொண்டுவந்தவர் அவர். அதனால்தான் கார்வேட்டிநகரத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊர்த் திருவிழாவில் முதல் பரிவட்டம் எங்கள் குடும்பத்துக்கு. இப்போது என் தலைக்கு.

அந்தப் பட்டணத்திலிருந்து தப்பி வந்தவர்களின் வாரிசுகள் எங்கள் ஊர் நெசவுத் தெருவில் இருக்கிறார்கள். இந்த ஆண்டு ஊர்க்கூட்டத்தில் அவர்களில் ஒருவனான தனசேகர் எழுந்தான்.

"உங்க ஆளு எங்க கோட்டைக்குள்ள இருந்தாருன்னா, யார் வூட்ல சோறு துன்னாருன்னு எங்க கிழவங்களுக்குத் தெரியாமலா பூடும்?"

கூட்டம் சிரித்தது. வரைபடத்தைத் திருப்பதியிலுள்ள படித்தவர் ஒருவரிடம் காட்டிவிடுவோம் என்று நானே சொன்னேன். அவனையும் சாட்சியாக அழைத்துப் போனேன்.

சரித்திரப் பேராசிரியை ஹரிதா சட்டத்தின் கண்ணாடி மேல் அப்பியிருந்த குங்குமத்தை ஈரப் பஞ்சால் துடைத்தாள்.

"தாத்தா, நீங்க எதைக் கோட்டை மதில்னு நெனச்சீங்க?"

கூடாரத்தையும் பட்டணத்தையும் சேர்த்துச் சுற்றி வரும் பெரிய வளையத்தைக் காட்டினேன். "கோயிலுக்கு வெளிப் பிராகாரம், உள் பிராகாரம் இல்லையா? அப்படித்தான்."

"இது மதில் இல்ல தாத்தா. வளைச்சவங்க தங்களைச் சுத்தி வெட்டிக்கின பள்ளம். வெளியிலேர்ந்து யாரும் உதவிக்கு வந்துடக் கூடாதுன்னு. கோட்டை இதோ, கடலை ஒட்டி உள்ளே இருக்குது. கூடாரத்துலேர்ந்து புள்ளி வரிசை போகுது பாருங்க. குண்டு போன வழி."

குங்குமத்துக்கு அடியில் இருந்ததை வாசித்தாள்: வேங்கடப்பரின் பீரங்கிகள். புள்ளிகள் போய் முடிந்த இடத்தையும் வாசித்தாள்: நெசவாளர் தெரு.

தனசேகர் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தான். அம்மன் எங்களிடம் எப்படி வந்தாள் என்று அவன் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஊருக்குத் திரும்பும் பேருந்து வடமாலபேட்டையைத் தாண்டியது.

"அய்யா, நான் யாரண்டயும் சொல்ல மாட்டேன்," என்றான் தனசேகர். "இந்த வயசுல உங்களுக்கு இந்தத் தலைகுனிவு வேணாம். எப்பவும்போல நீங்களே கட்டிக்கினு நில்லுங்க."

நல்ல மனதோடுதான் சொன்னான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இவன் வாயை மூடிக்கொண்டிருப்பதால் என் தலையில் நிற்கும் துணி ஒரு மரியாதையா?

"உன் தயவு எனக்கு வேணாம்பா."

அன்று மாலையே கூட்டத்தைக் கூட்டச் சொல்லி, பள்ளத்தையும் பீரங்கியையும் என் வாயாலேயே சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. முதல் பரிவட்டம் இனி நெசவுத் தெருவுக்கு என்றதும் என் மகன் பிரவீன் எழுந்தான்.

"எப்பவோ செத்தவன் பண்ணதுக்கு எங்க மானத்த ஏன் நைனா குடுக்கறே?"

பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டான்.

திருவிழாவன்று பூசாரி பழக்கத்தில் என் எதிரில்தான் வந்து நின்றார். பரிவட்டம் கட்டிக்கொள்ளத் தலை குனிய வேண்டும். நான் குனியவில்லை. அவர் தனசேகரைத் தேடித் திரும்பினார். எனக்குப் பின்னால், பிரவீன் வழக்கமாக நிற்கும் இடத்தில் யாரும் இல்லை.