கைக்கு எட்டிய தளிர்

"அறுத்துடவா?" என்று கேட்டுக்கொண்டே தம்பி ரம்பத்தைக் கொடியின் மேல் வைத்துவிட்டான். அப்பாவின் திராட்சைக்கொடி வாசலை மறித்துப் பந்தலாய்ப் படர்ந்திருந்தது. தூக்குகிற நால்வரும் நெட்டைப் பேர்வழிகள்; சவப்பெட்டி கட்டாயம் இடிக்கும்.

அக்கா கொடியை அண்ணாந்து பார்த்தாள்.

"சாதாரணக் கொடின்னு நீதானக்கா சொன்ன? அப்புறம் என்ன யோசனை?"

அவள்தான் சொன்னாள். திராட்சை ரகங்களின் மரபணுவை ஆராய்வது அவள் வேலை. தானே விதை போட்டு வளர்த்த புது ரகம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் தம்பட்டம் அடித்தவர் அப்பா. தளிர் அனுப்பச் சொல்லி ஆய்வகத்தில் சோதித்தாள். மரபணு அடையாளங்கள் தெருவுக்குத் தெரு நிற்கும் கறுப்பு ரகத்தோடு ஒன்று விடாமல் ஒத்துப்போயின. போனில் சொன்னபோது, "அப்படியாம்மா... மெஷின் சொன்னா சரிதான்" என்றார். போனை வைத்துவிட்டார். இன்று விடியலில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

ஆனால் பந்தலில் தொங்கியவை மஞ்சள் பழங்கள். நிறம் மாறினாலும் ரகம் ஒன்றாக இருக்கும் என்று அன்றைக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது பார்த்தால், மேலே உருண்டை இலை. அடியில் துளிர்த்திருந்த கிளையில் பிளந்த இலை. ஒரே கொடியில் எப்படி?

"அம்மா, அப்பா தளிரை எங்க கிள்ளினாரு?"

"இப்ப என்னடி தளிரு?" என்றாள் அம்மா. "எந்திரிச்சு நிக்க எங்க முடிஞ்சுது அந்த மனுஷனுக்கு? நாற்காலில உக்காந்தபடியே கைக்கு எட்டுனதக் கிள்ளினாரு."

தண்டைத் தடவினாள். முழங்கால் உயரத்தில் ஒரு புடைப்பு.

"ஒட்டு போட்டாராம்மா?"

"ஆமா. விதைச்செடி நோஞ்சானா இருந்துச்சு. பழைய கறுப்புக் கொடிய வெட்டி அது மேல ஒட்டினாரு. உங்கிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கிள்ளிய காம்புகள் எல்லாம் புடைப்புக்குக் கீழேதான் இருந்தன. அவள் சோதித்தது அடியிலிருந்த பழைய கறுப்புக் கொடியை; அப்பாவின் கொடியை அல்ல.

"வெட்டாதடா!"

"அப்ப நிஜமாவே புது ரகமா?"

"தெரியலடா. எனக்கு ஒண்ணுமே புரியல." அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

தம்பி ரம்பத்தைக் கீழே போட்டான். "குனிஞ்சு கொண்டாங்கப்பா" என்று உள்ளே குரல் கொடுத்தான்.

அவள் எக்கி, பந்தலின் மேலிருந்து ஒரு தளிரைக் கிள்ளினாள். இந்த முடிவு வந்தால் யாருக்குப் போன் செய்வது என்று விளங்கவில்லை.

நால்வரும் முதுகை வளைத்து, பெட்டியை முழங்காலளவுக்குத் தாழ்த்தி, கொடிக்கடியில் மெல்ல நகர்ந்தார்கள். உரசாமல் இருக்க, தம்பி இரண்டு கைகளாலும் குலைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.